கடையில் செட் பண்ணித் தந்த லப்டொப்: உள்ளே யாருடைய மின்னஞ்சல்?

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் அனுப்பிய காசில் போன மாதம் புது லப்டொப் வாங்கினாராம், கடையிலேயே எல்லாம் போட்டுத் தந்துவிட்டார்கள். பழையது 2016இல் வாங்கியது: 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10, திறந்து முடிக்கவே பத்து நிமிடம். அதைப் பேரனின் சூம் வகுப்புக்குக் கொடுக்கலாமா, கடைக்காரர் தருவதாகச் சொன்ன 8,000 ரூபாவுக்குத் தள்ளிவிடலாமா, அதில் காலமான கணவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் இருக்கின்றனவே, அவை என்ன ஆகும் என்பது கவலை.

ரீச்சர், பழையதற்குப் பிறகு வருகிறேன். முதலில் புதியதைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போய், அக்கவுன்ட்ஸ், அதற்குள் யுவர் இன்ஃபோ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் மின்னஞ்சல் இருக்கிறதா? வேறு யாருடையதாவது இருந்தால் இன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், இப்போது வரும் விண்டோஸ் 11 லப்டொப்புகளில் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. நல்ல பூட்டுத்தான், திருடன் கொண்டுபோனாலும் உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, அது லப்டொப்பை முதலில் எந்த மைக்ரோசொப்ட் கணக்கில் திறந்தார்களோ அந்தக் கணக்கில் போய் இருந்துகொள்ளும். கடையில் வேலை செய்யும் பையன் அவசரத்துக்குத் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் சாவி அவனிடம், லப்டொப் உங்களிடம். போன வருடம் ஒருவர் மகளின் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதர்போர்ட் மாற்றியதும் நீலத் திரை வந்து 48 இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. செட் பண்ணித் தந்த பையன் கட்டாருக்குப் போய்விட்டான், எந்த மின்னஞ்சலைப் போட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. பிள்ளையின் இறுதியாண்டு ஆய்வு முழுவதும் உள்ளே. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தச் சாவி இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

உங்களுடையதில் இன்னும் பெரிதாக ஒன்றும் சேர்ந்திருக்காது, ஆகவே சுலபமான வழி மொத்தமாக அழித்து முதலிலிருந்து தொடங்குவதுதான். ஏதாவது படம் கிடம் இருந்தால் பென் டிரைவில் எடுத்துவிட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, ரிசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங். சார்ஜரைக் குத்தியே வையுங்கள். மறுபடி திறக்கும்போது உங்கள் மின்னஞ்சலையும் நீங்களே யோசித்த கடவுச்சொல்லையும் கொடுங்கள். பிறகு மைக்ரோசொப்ட் கணக்கின் இணையப் பக்கத்துக்குள் போனால் ரெக்கவரி கீ என்று அந்த 48 இலக்கம் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் ஃபைலில் வையுங்கள். லப்டொப்புக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள், பூட்டிய வீட்டுக்குள் சாவியை விட்டது போலாகிவிடும்.

லப்டொப்போடு ஒஃபீஸும் வந்தது என்று பில்லில் போட்டிருந்தால் ரிசெட் செய்வதற்கு முன் கடைக்குப் போங்கள். அந்த உரிமம் முதலில் பதிந்த கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், நீங்கள் காசு கொடுத்த பொருள் இன்னொருவர் பெயரில் இருக்கும். விண்டோஸும் அசல்தானா என்று பார்க்க வேண்டும். கம்பனியே விண்டோஸ் போட்டு அனுப்பிய லப்டொப் என்றால் ரிசெட்டுக்குப் பிறகு இணையத்தோடு இணைத்ததும் அக்டிவேஷன் என்ற இடத்தில் அக்டிவ் என்று தானாக வரும். வராவிட்டால், விண்டோஸ் இல்லாத மலிவு மொடலை வாங்கிக் களவுப் பிரதி ஏற்றித் தந்திருக்கலாம். அந்தக் களவுப் பிரதியை ஓட வைக்கும் கருவிகளோடு வைரஸும் சேர்ந்து வருவது உண்டு, நீங்களோ அதில்தான் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள். பில்லையும் சீரியல் நம்பரையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, ஆனால் பில் கையில் இல்லாவிட்டால் அங்கே காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சரி, பழையது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டன. 2016 காலத்து உங்கள் லப்டொப்பை விண்டோஸ் 11 ஏற்காது, மைக்ரோசொப்ட் ஏற்கும் ப்ரொசெசர்களின் பட்டியலிலேயே அதனுடையது இல்லை. நன்றாக ஓடக்கூடிய இயந்திரங்களை இப்படி ஒரு பட்டியல் போட்டுக் குப்பைக்கு அனுப்புகிறார்கள், அதைக் கேட்பதற்கு ஆளில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். அதன் மெதுவுக்கு முக்கிய காரணம் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றி சுழலாத, வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி ஒன்றை 240 அல்லது 256 ஜிபியில் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை ஏற்றினால் பேரனின் சூமுக்கு 4 ஜிபி ரேம் போதும். மின்ட், சூம் இரண்டும் இலவசமாகக் கிடைப்பவைதான், எஸ்எஸ்டிக்கு மட்டும் காசு. தமிழ் தட்டுவதற்கு இலங்கைக்கென்றே தனி விசைப்பலகைத் தெரிவும் அதில் இருக்கிறது.

கழற்றிய டிஸ்கை, பென் டிரைவ் போல வெளியிலிருந்து குத்தக்கூடிய யூஎஸ்பி கேஸ் ஒன்றுக்குள் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கணவர் எழுதியதெல்லாம் அப்படியே அதில் இருக்கும். புது லப்டொப்பில் அந்தக் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும், பயப்படாதீர்கள், பாமினி எழுத்துரு இல்லாததால் வருவது. பழைய டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸில் பாமினி ஃபைல் இருக்கும், அதைப் புதியதில் இன்ஸ்டோல் செய்தால் எழுத்து திரும்பிவிடும். திரும்பியதும் ஒவ்வொரு கடிதத்தையும் பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். பிறகு எந்தக் கணினியிலும் அவர் எழுதிய தமிழ் தமிழாகவே தெரியும்.

இதெல்லாம் பட்டரி நன்றாக இருந்தால் மட்டும். பழைய லப்டொப்பை மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பி அமுக்க முடியாமல் இருக்கிறதா? அடி மூடியின் ஓரத்தில் நகம் போகும் இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பட்டரி ஊதியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள், மூடியை அழுத்தி மூடவும் வேண்டாம். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். தெரிந்த ஒருவரைக் கொண்டு பட்டரியை எடுத்துவிடுங்கள், பல லப்டொப்புகள் அதன் பிறகு சார்ஜரிலேயே ஓடும், கரண்ட் போனால் மட்டும் வகுப்பின் நடுவில் அணைந்துவிடும் என்று பேரனிடம் சொல்லி வையுங்கள். எடுத்த பட்டரியை மாநகர சபைக் குப்பை வண்டியில் போடாமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். ஊதின பட்டரியோடு குழந்தையின் மடியில் லப்டொப் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அந்த 8,000 ரூபாவுக்கு விற்பதானாலும் டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 'ஃபோர்மட் பண்ணிடுறன் அன்ட்டி' என்று கடைக்காரர் சொல்வார். சும்மா ஃபோர்மட் செய்த ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் திரும்ப எடுக்க இலவச மென்பொருளே போதும். டிஸ்க் இல்லாமல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள்.