பழைய விண்டோஸ் சாவி இன்னும் திறக்குமா?

கேள்வி: விண்டோஸ் 7 வாங்கியபோது வந்த 25 எழுத்துச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதை வைத்து விண்டோஸ் 11 நிறுவலாமா?

பதில்: தாமதமாகக் கேட்கிறீர்கள். 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தபோது, 7, 8.1 பதிப்புகள் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசச் சலுகை கொடுத்தார்கள். ஓராண்டு முடிந்ததும் கதவைச் சாத்தினார்களே ஒழியத் தாழ் போடவில்லை. பழைய சாவிகள் அதன் பிறகும் ஏழு ஆண்டுகள் வேலை செய்தன. 2023 செப்டம்பரில் தாழும் விழுந்துவிட்டது.

கேள்வி: நான் 2016 தொடக்கத்தில் அதே வகைச் சாவியால் 10க்கு மாறியவன். வன்தட்டை அழித்துவிட்டு மீண்டும் நிறுவினால் உரிமம் போய்விடுமா?

பதில்: போகாது. அன்றே உங்கள் கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிவிட்டது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது அதுதான். இனி உரிமம் கணினிக்கு. சாவி வெறும் காகிதம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: சாவி கேட்கும் திரையில் பழைய எண்ணைத் தட்டி, பிழைச் செய்தி வந்ததும் பதறுகிறார்கள். "என்னிடம் சாவி இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, பதிப்பு மாறக்கூடாது. இணையத்தில் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். இதே உரிமம் 11க்கும் செல்லும்.

கேள்வி: மதர்போர்டை மாற்றப் போகிறேன்.

பதில்: கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு போய்விடும். தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமம் என்றால், மாற்றுவதற்கு முன்பே அதை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணையுங்கள். மாற்றிய பின் ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டர் வழியாகப் புதிய போர்டுக்குக் கொண்டுவரலாம்.

கேள்வி: என் மடிக்கணினியின் அடியில் சாவி ஒட்டப்படவே இல்லையே?

பதில்: விண்டோஸ் 8 காலத்திலிருந்து அதை மதர்போர்டிலேயே பதித்து விற்கிறார்கள். நிறுவும்போது தானாகப் படித்துக்கொள்ளும்.

கேள்வி: உரிமம் சரியாக இருக்கிறது, ஆனால் 11 நிறுவ மறுக்கிறது.

பதில்: அது வன்பொருள் தகராறு. டிபிஎம் 2.0 (குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் வசதி (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிப்பது), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை வேண்டும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். பல கணினிகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.