சாத்தானின் பகா எண்

அன்புள்ள ஐயா,

1000000000000066600000000000001 என்ற எண்ணைப் பற்றி என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். நடுவில் 666, இருபக்கமும் 13 பூஜ்ஜியங்கள், ஓரங்களில் 1. விகடகவி மாதிரி எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். போதாததற்கு அது பகா எண் வேறு. சாத்தானின் எண்ணும் ராசியில்லாத 13-உம் இப்படி ஒன்றுசேர்வது தற்செயலாக இருக்க முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

666 தற்செயல் இல்லை. அதை நடுவில் வைத்துத்தான் தேடவே தொடங்கினார்கள். கண்டுபிடித்தவர் பெரிய பகா எண்களைத் தேடுவதில் பேர்போன ஹார்வி டப்னர். நரகத்தின் இளவரசன் ஒருவனின் பெயரால் 'பெல்ஃபெகோரின் பகா எண்' என்று சூட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் கிளிஃபோர்ட் பிக்ஓவர். மிச்சமிருப்பது 13 மட்டும்.

டப்னர் பார்த்தது ஒரு குடும்பத்தை. 1, 666, 1. இடையில் இருபக்கமும் ஒரே அளவு பூஜ்ஜியங்கள். பூஜ்ஜியமே இல்லாத 16661 பகா எண். பக்கத்துக்கு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வைத்தால் எதுவும் தேறவில்லை. 13-இல் தேறியது. அடுத்து 42, அப்புறம் 506. இந்த இரண்டுக்கும் யார் வீடியோ போடப்போகிறார்கள்?

தேறாத ஒன்றைக் கையாலேயே பார்க்கலாம். பக்கத்துக்கு நான்கு பூஜ்ஜியம் வைத்தால் 1000066600001. அதை 7-ஆல் வகுத்தால் 142866657143, மீதியில்லை. நான்கோடு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போங்கள்: 10, 16, 22 எல்லாமே 7-இடம் மாட்டிக்கொள்ளும். 13 அந்த வரிசையில் வராது.

இந்தக் குடும்பத்துக்குச் சில சலுகைகளும் உண்டு. 1-இல் முடிவதால் 2, 5 தொடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 20, அதனால் 3-உம் தொடாது. இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள பாலிண்ட்ரோம் எண் (விகடகவி எண்) எதுவானாலும் 11-ஆல் வகுபடும் (4334 = 11 × 394); இங்கே இலக்கங்கள் 31, தப்பித்தது. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 69-க்கு ஒன்று பகா எண். 2, 3, 5, 11 நான்கையும் தாண்டியவற்றில் ஏறக்குறைய 17-க்கு ஒன்று. ஆகவே 13-இல் அகப்பட்டது பெரிய அதிசயமில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. இந்த எண்ணில் 1-ஐக் கழித்தால் கடைசியில் 14 பூஜ்ஜியங்கள் நிற்கும், அதாவது 2-உம் 5-உம் ஏராளமாகக் காரணிகளாகக் கையில் கிடைக்கின்றன. முந்தைய எண்ணின் காரணிகள் இவ்வளவு தெரிந்துவிட்டால் பகா எண் என்று நிரூபிப்பது சுலபம். கழிப்பதற்குப் பதில் 1-ஐக் கூட்டியும் இந்த வித்தையைச் செய்யலாம். 2021-இல் ரயன் ப்ராப்பரும் செர்ஜ் படலோவும் கண்டுபிடித்த பாலிண்ட்ரோம் பகா எண்ணில் 18,88,529 இலக்கங்கள். நட்டநடுவில் ஒரு 8, மற்றதெல்லாம் 9. அதோடு 1-ஐக் கூட்டினால் கடைசியில் 9,44,264 பூஜ்ஜியங்கள்! இவ்வளவு தூரம் போயும், இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.