1 டிபி பென்டிரைவில் பாதிக் கல்யாணம்

கேள்வி: கோபியில் சின்ன ஸ்டுடியோ வைத்து, நானே கல்யாண வீடியோ எடுத்துத் தருகிறேன். ஆன்லைனில் 499 ரூபாய்க்கு 1 டிபி பென்டிரைவ் வாங்கி, ஒரு கல்யாணத்தை முழுதாக ஏற்றிக் கொடுத்தேன். இணைச்சீர் வரைக்கும் ஓடுகிறதாம். தாலி கட்டும் இடத்திலிருந்து ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஃபைல் பெயரும் அளவும் சரியாகத்தான் தெரிகின்றன. கம்ப்யூட்டரிலும் 1000 ஜிபி என்றே காட்டுகிறது. விண்டோஸ் தப்பாகக் காட்டுகிறதா? டிரைவரை மாற்றினால் சரியாகுமா?

பதில்: டிரைவரை மாற்றிப் பயனில்லைங்க. பென்டிரைவைச் செருகியதும், "நீ யார், எவ்வளவு கொள்ளும்?" என்று சிஸ்டம் கேட்கும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப் சொல்வதை அப்படியே நம்பிக்கொள்ளும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சாம்பிள் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். சிஸ்டம் அந்த அளவுக்குக்கூடப் பார்ப்பதில்லை. 32 ஜிபி சிப்பைப் போட்டு, 1 டிபி என்று சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி எழுதி விற்கிறார்கள். ஃபைல் பட்டியல் டிரைவின் தொடக்கத்திலேயே இருப்பதால் பெயரெல்லாம் தெரியும். இடம் தீர்ந்த பிறகு வந்த வீடியோ எங்கேயும் பதிவாகவே இல்லை. அதனால் ரெக்கவரி சாஃப்ட்வேருக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். கேமரா கார்டை இன்னும் ஃபார்மேட் பண்ணவில்லை என்றால் தப்பித்தீர்கள்; அதை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

அந்த 1000 என்ற எண்ணே எனக்கு உறுத்துகிறது. அசல் 1 டிபி, விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி என்றுதான் தெரியும். ஆனால் 931 காட்டினாலே அசல் என்றும் நம்ப முடியாது. நிரப்பிப் பார்த்துத் திரும்பப் படிப்பதுதான் சோதனை. அதற்கென்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) என்ற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, இரண்டுமே இலவசம். திறக்கிற ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, டிரைவைக் காலி செய்து ஓட்டுங்கள். நொடிக்கு 10 எம்பி வேகம் என்றால் 1 டிபி நிரம்ப 28 மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் காத்திருக்க வேண்டாம், 100 ஜிபி மட்டும் எழுதச் சொன்னாலே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். தொடக்கத்தில் இருக்கும் நிஜமான இடத்தை மட்டும் பார்ட்டிஷன் போட்டுப் பயன்படுத்தலாம்தான். ஆனால் கஸ்டமருக்குக் கொடுக்க அது வேண்டவே வேண்டாம்.

சரி, காசு? சோதனை முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடும் பெட்டியோடும் வைத்துக்கொண்டு, விற்ற தளத்தில் ரிட்டர்ன் போடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால், ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். "தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு பேசிப் பார்க்கும். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஸ்டுடியோவில் வேலை பார்ப்பது நீங்களேதான் என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.