மின்கம்பிக்குக் கீழே மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோப்பின் ஓரமாக 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்பாதை செல்கிறது. கம்பியில் உரசுகின்றன என்று சென்ற ஆண்டு சில தென்னைகளின் பச்சை மட்டைகளை வெட்டினார்கள். அவற்றில் சில மரங்கள் பட்டுப்போய்விட்டன. கம்பியின் உஷ்ணமும் மின்சாரத்தின் கதிரும்தான் மரத்தைக் கொல்கின்றன என்று ஊரில் உறுதியாகச் சொல்கிறார்கள். இது உண்மையா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கிளையோ மட்டையோ கம்பியைத் தொடாமலும், மின்சாரம் காற்றிடைவெளியைத் தாண்டிப் பாயும் அளவுக்கு நெருங்காமலும் இருக்கும் வரையில், மின்பாதை தன் கீழே நிற்கும் மரத்தைக் கொல்வதில்லை. கம்பியைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் இருப்பது உண்மைதான். மிக உயர்ந்த அழுத்தமுள்ள கம்பிக்கு அருகே நீண்டிருக்கும் இலைகளின் கூரிய நுனிகளில் மின்புலம் குவிந்து, காற்றில் நுண்ணிய மின்கசிவு உண்டாகி, நுனி கருகுவதும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1970களில் 1,000 கே.வி.யையும் கடந்த ஒரு சோதனைப் பாதையை அமைத்து ஆராய்ந்தபோது, கம்பியை நெருங்கி வளர்ந்த ஊசியிலை மரங்களின் உச்சி நுனிகள் இவ்வாறு கருகின. தரையில் இருந்த பயிருக்கும் புல்லுக்கும் அப்படிப்பட்ட கேடு நேரவில்லை. உங்கள் தோப்பில் செல்வது 11 கே.வி. பாதை. அதன் மின்புலம் மரத்தைக் கருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கம்பியில் ஏறும் சூடும் காற்றில் கலந்துவிடுமே தவிர, கீழே நிற்கும் மரத்தை வாட்டாது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. பட்டுப்போனவை மட்டை வெட்டப்பட்ட மரங்கள். வேம்புக்கும் புங்கனுக்கும் ஒரு கிளை போனால் வேறு இடத்தில் தளிர் வரும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வசதி இல்லை. தென்னையின் உயிர் முழுவதும் கொண்டையின் நடுவிலுள்ள ஒரே குருத்தில் இருக்கிறது. அந்தக் குருத்தை வெட்டினாலோ, பக்கத்து மட்டைகளைச் சீவும்போது அதில் அரிவாள் பட்டாலோ, மரம் சில மாதங்கள் பச்சையாக நின்றுவிட்டுப் பிறகு சாகும். குருத்து தப்பியிருந்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. பச்சை மட்டையை அடியோடு ஒட்ட வெட்டும்போது கசியும் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து காயத்தில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் தண்டுக்குள் குடைந்து தின்பது வெளியே தெரியும்போது, பெரும்பாலும் மரம் கைமீறிப் போயிருக்கும். இதனால்தான், பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ., அதாவது ஏறத்தாழ நான்கு அடி, விட்டு வெட்ட வேண்டும் என்று வேளாண் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். வெட்ட வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். மீதமிருக்கும் மரங்களில் சிறு துளைகளும், அவற்றிலிருந்து செம்பழுப்புச் சாறும், மென்று துப்பியது போன்ற நாரும் தென்படுகின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் நின்ற வேப்பமரத்தை மின்கம்பிக்காக ஆண்டுதோறும் உச்சியில் மொட்டையடித்தார்கள். வெட்ட வெட்ட முன்னைவிட அடர்த்தியாகவே வளர்ந்தது. பின்னர் தண்டில் பொந்து விழுந்து, ஒரு மழைக்காற்றில் சாய்ந்துவிட்டது. இப்படி வெட்டுவது அவசியம்தானா?
– வாசகி, திருச்சி

பதில்: வெட்டுவது அவசியம். மொட்டையடிப்பது அவசியமில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் நம் தெருக்களில் எத்தனையோ நல்ல மரங்களை இழந்துகொண்டிருக்கிறோம்.

முதலில், ஏன் வெட்ட வேண்டும் என்பதைப் பார்ப்போம். மின்சுமை கூடும்போதும் வெயில் ஏறும்போதும் கம்பி சூடாகி நீண்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொய்கிறது. காற்றடித்தால் பக்கவாட்டிலும் ஆடுகிறது. ஆகவே மார்கழிக் காலையில் கம்பிக்கு எட்டாமல் நிற்கும் கிளை, சித்திரைப் பிற்பகலில் அதைத் தொட்டுவிடக்கூடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 345 கே.வி. பாதை ஒன்று, தன் திறனில் 44 விழுக்காடு சுமையை மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தபோது, வெட்டாமல் விடப்பட்ட மரத்தில் பட்டுத் துண்டிக்கப்பட்டது. அடுத்த 36 நிமிடங்களுக்குள் மேலும் இரண்டு பாதைகள் அதே வகையில் மரங்களில் பட்டுத் துண்டிக்கப்பட்டன. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கைக் கருவி செயலிழந்திருந்ததும் சேர்ந்துகொள்ள, அன்று மாலைக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். மரக்கிளை தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் உச்சியை மொட்டையடித்தால் மரத்துக்கு உணவு சமைக்கும் இலைகள் ஒரே நாளில் போய்விடுகின்றன. சேமிப்பில் இருந்த மாச்சத்தைச் செலவழித்து, மரம் வெட்டுவாய்க்குக் கீழே கொத்துக் கொத்தாகத் தளிர் விடுகிறது. நீங்கள் பார்த்த அடர்த்தி இதுதான். அது மரத்தின் நலத்தைக் காட்டுவதன்று, அதன் தவிப்பைக் காட்டுவது. இந்தத் தளிர்கள் வேகமாக வளர்ந்து மீண்டும் கம்பியைத் தொடும். மேல்பட்டையில் மட்டும் பற்றி நிற்பதால் காற்றுக்கு எளிதில் பிய்ந்தும் விழும். ஆண்டுதோறும் இதையே செய்தால் சேமிப்பு வற்றி வேர் மெலிகிறது.

பொந்து விழுந்ததற்கும் இதுவே காரணம். அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை என்பதை விளக்கினார். மரம் அழுகிய பகுதியைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி, அதைப் புதிய மரத்துக்குள் அடைத்துவைக்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள புடைப்பை விட்டு, அதையொட்டி வெளிப்புறமாக வெட்டினால் இந்தத் தடுப்பு வலுவாக அமையும். நடுத்தண்டை எங்கோ ஓரிடத்தில் குறுக்காக அறுத்தால் தடுப்பு சரியாக அமையாமல் அழுகல் உள்ளே இறங்கும்.

கம்பியை நோக்கிப் போகும் கிளைகளை மட்டும் அவற்றின் அடிவரை எடுத்துவிட்டு, விலகிப் போகும் கிளைகளை வளரவிடுவது சரியான முறை. எந்த ஆண்டிலும் இலைக்கூட்டத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது. கம்பிக்கு நேர் கீழே நட்டுவிட்ட வேம்பையோ தூங்குமூஞ்சியையோ இந்த முறையாலும் காப்பாற்றுவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே நட்டதுதான் தவறு.

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, காட்டின் நடுவே செல்லும் டவர் லைனுக்குக் கீழே மரக்கன்றுகள் மட்டும் கருகி நிற்க, சுற்றியிருந்த புதர்கள் பச்சையாக இருந்ததைப் பார்த்தேன். ஏதாவது நோயா?
– வாசகர், மதுரை

பதில்: நோயன்று. உயரமாக வளரக்கூடிய மரக்கன்றுகளை மட்டும் தேர்ந்து களைக்கொல்லி இட்டிருப்பார்கள். நீங்கள் சென்ற மாநிலம் இந்தத் துறையில் புகழ்பெற்றது. மின்பாதையில் மருந்து தெளித்தால் வனவிலங்குகளுக்குக் கேடு வருமோ என்று வேட்டைக்காரர்கள் கவலை தெரிவித்ததை அடுத்து, அங்குள்ள 33ஆம் எண் அரசு வேட்டை நிலத்தில் 1953இல் பிராம்பிள், பைர்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு அவர்களுக்குப் பின்னும் தலைமுறை தாண்டித் தொடர்ந்தது.

எல்லாவற்றையும் இயந்திரத்தால் வெட்டித் தள்ளிய இடங்களில், அடிக்கட்டைகளிலிருந்து மரங்கள் இரட்டிப்பாகத் தழைத்து வந்தன. மரக்கன்றுகளை மட்டும் நீக்கிப் புதர்களை விட்டுவைத்த இடங்களிலோ, புதர்களே நிழலாலும் வேர்ப்போட்டியாலும் புதிய மரக்கன்றுகளைத் தடுத்தன. அங்கு வாழும் எலிகள் விதைகளைத் தின்று அந்த வேலையில் பங்கெடுத்தன. கம்பிக்கு நேர் கீழே புல்லும் குறுஞ்செடியும், இருபுறமும் சற்று உயர்ந்த புதர்களும் என்ற இரு மண்டல முறை அங்கிருந்து பரவியது. ஓராண்டு வெட்டி மறு ஆண்டும் வெட்டுவதைவிட, வெட்டும் தேவையையே குறைக்கும் இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

மருந்தில் எச்சரிக்கை தேவை. பிக்ளோராம், இமாசபிர் போன்ற களைக்கொல்லிகள் மண்ணில் தங்கி, பாதைக்கு வெளியே நிற்கும் மரத்தின் வேர் அங்கே நீண்டிருந்தால் அதையும் கொல்லும். ஒரே இன மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி இணைந்திருந்தால், ஒரு மரத்துக்கு இட்ட மருந்து அடுத்த மரத்துக்கும் செல்லும். மின்பாதையோரத்தில் யாரும் தொடாத மரம் காரணமின்றிப் பட்டுப்போவதுபோல் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: மின்பாதைக்குக் கீழே உள்ள நிலத்தில் என்ன நடலாம்? முன்பே இருந்த மரத்தை வெட்டினால் இழப்பீடு உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: காட்டுப் பகுதிகளுக்காக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதலின்படி, கம்பிக்கும் மரத்துக்கும் இடையே 11 கே.வி.யில் 2.6 மீட்டர், 110 கே.வி.யில் 3.7 மீட்டர், 400 கே.வி.யில் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். உங்கள் நிலத்திலும் இதையே குறைந்த அளவாகக் கொண்டு, முழு வளர்ச்சியில் மரம் எட்டும் உயரத்தைக் கணக்கிட்டு நடுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, ஆடாதோடை, கவாத்து செய்து தாழ்வாக வைத்த எலுமிச்சை ஆகியவை ஏற்றவை. மஞ்சள், நிலக்கடலை, காய்கறி ஆகியவற்றுக்குத் தடையில்லை. மூங்கிலும் தேக்கும் தென்னையும் வேண்டாம். கரும்புத் தோகையைக் கம்பிக்குக் கீழே கொளுத்தக் கூடாது. தீயும் புகையும் காற்றின் மின்காப்பைக் குலைத்து, மின்சாரம் தரைக்குப் பாய வழிசெய்யும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவு, மின்பாதை வருவதற்கு முன்பே நின்ற மரத்தை நிர்வாக நடுவரின் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) ஆணையால் அகற்றினால், மரத்துக்கு உரியவருக்கு நியாயமான இழப்பீடு தர அந்த நடுவரே ஆணையிட வேண்டும் என்கிறது. மரத்தின் வயதைக் காட்டும் அடங்கல் பதிவையும் பழைய புகைப்படங்களையும், வெட்டுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பியருகே காய் பறிக்க இரும்பு அல்லது அலுமினியத் துரட்டியை எவரும் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளையை வெட்டுவதானாலும் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்ட வேண்டும்.