பள்ளிக்கு வெளியே ஒரு கற்றல் குழு: கேள்வியும் பதிலும்

கோத்தகிரியில் பள்ளிக்குப் போகாமல், பாடவேளை இல்லாமல், 6 பிள்ளைகள் தாமே நடத்தும் கற்றல் குழுவுக்கு நான்கு ஆண்டுகளாகத் துணையாளராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு தாய்: பாடவேளையே இல்லையென்றால் பிள்ளை சும்மா இருந்துவிட மாட்டாளா, அம்மா?

முதல் சில வாரங்கள் சும்மாதான் இருப்பாள். அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுவது இம்முறை அன்று. இங்கிலாந்தில் கல்வியாளர் இயன் கன்னிங்காம் வகுத்த முறைப்படி, பிள்ளை இதுவரை எங்கே இருந்தேன், இப்போது எங்கே இருக்கிறேன், எங்கே போக விரும்புகிறேன், எப்படிப் போவேன், போய்ச் சேர்ந்ததை எப்படி அறிவேன் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்டு, அதை ஓர் ஒப்பந்தமாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். குழுவோ துருவித் துருவிக் கேட்கும். சிறு தேயிலை விவசாயி ஒருவரின் மகள், நாலரைக் கிலோ கொழுந்து ஏன் ஒரு கிலோ தூளாகச் சுருங்குகிறது என்று அறிய விரும்பினாள். ஒரு கிலோ கொழுந்தைச் சாக்கில் பரப்பி, காலையும் மாலையும் நிறுத்து எழுதிவந்தாள். மூன்றாம் நாள் மூடுபனி இறங்கியதால் எடை குறையாமல் கூடிவிட, தான் தவறு செய்ததாக எண்ணி அந்த வரியை அழித்தாள். அதைத் திரும்ப எழுத வைத்தது நானல்ல, குழுவிலிருந்த எட்டு வயதுப் பையன். கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான் என்பதோடு, சதவீதமும் விகிதமும் அந்த நோட்டிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டன.

கூடலூர் ஆசிரியர்: சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியை மனத்தில் கொண்டே பேசுகிறது. வீட்டுக்கல்விக்கென அதில் தனிப்பிரிவு இல்லை. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவதை 18ஆம் பிரிவு தடுப்பதால், எங்கள் குழுவைப் பள்ளி என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.

கட்டபெட்டிலிருந்து ஒரு தந்தை: பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி?

14 வயது நிறைந்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதியலாம். 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்புகள் உண்டு. எல்லாப் பாடங்களையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை.

உதகை மாணவர்: குழுவில் சண்டை வந்தால்?

வரும். விறகு எடுத்துவரும் முறை யாருடையது என்ற வழக்கு தீர எங்களுக்கு ஒரு மாதமாயிற்று.

எஸ்டேட் தொழிலாளி ஒருவர்: இருவரும் வேலைக்குப் போகும் எங்களுக்கு இது ஆகுமா?

முழுநாள் குழுவுக்குப் பகலில் பெரியவர் ஒருவர் உடனிருந்தாக வேண்டும். ஆதலால் மதிய உணவும் புத்தகமும் தரும் அரசுப் பள்ளியை விட்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடும் குழுவை உங்கள் லைன் வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். முதல் இரண்டு கூட்டங்களுக்கு நானே வந்து உட்காருகிறேன்.