கொலைகாரன் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் நள்ளிரவு தாண்டியும் செல்பேசியில் சுட்டுக் கொல்லும் விளையாட்டு ஆடுகிறான். நிறுத்தச் சொன்னால் கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். இப்படி ஆடும் பிள்ளைகள் கொலைகாரர்களாகிவிடுவார்கள் என்கிறார்களே! அரசு இவற்றை அடியோடு தடை செய்தால் என்ன?

பதில்: அந்தக் 'கொலைகாரன்' என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் மகன் காதில் அது விழுந்திருந்தால், விளையாட்டு செய்யாத கெடுதலை நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

வன்முறைக் குற்றங்களுக்கு வீடியோ விளையாட்டின்மேல் பழி போடுவதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவாகவே அறிவித்தது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய அளவில் தொடர்பு உண்டு என்பதையும் அதே அறிவிப்பில் ஒப்புக்கொண்டது. 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்த ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர், 2019-இல் அந்தத் தொடர்பைக்கூடக் காணவில்லை. ஆய்வுக்கூடங்களில் முரட்டுத்தனத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஆடி முடித்தவரிடம், ஒரு பொத்தானை அழுத்தி எதிராளியின் ஹெட்போனில் இரைச்சலை எழுப்பித் தண்டிக்கச் சொல்வார்கள். எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் எழுப்புகிறார் என்பதுதான் கணக்கு. பெரும்பாலும் அப்படி ஓர் எதிராளியே இருக்கமாட்டார்! அந்தப் பொத்தானுக்கும் கத்திக்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது.

தடையா? சிறுவர்களுக்கு இத்தகைய விளையாட்டுகளை விற்கக் கூடாது என்ற கலிபோர்னியா சட்டத்தையே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-இல் ரத்து செய்துவிட்டது. அது கிடக்கட்டும். நள்ளிரவில் பிள்ளை கையில் செல்பேசி இருப்பதற்கு எந்த அரசும் பொறுப்பல்ல.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த நள்ளிரவுக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிப்போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது பொதுவாக ஓராண்டாவது நீடிப்பது: இவைதான் அதன் அடையாளங்கள். துப்பாக்கி இருக்கிறதா, பந்து இருக்கிறதா என்பது அங்கே பேச்சே இல்லை.

இன்னொன்று. "இதோ, ஐந்து நிமிடம்" என்று அவன் சொல்வது எப்போதும் பொய்யல்ல. இணையத்தில் குழுவாக ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. விட்டு எழுந்தால் கூட்டாளிகள் தோற்பார்கள், இவனை ஏசுவார்கள். பாதியில் செல்பேசியைப் பிடுங்காதீர்கள். இதுதான் கடைசி ஆட்டம் என்பதைத் தொடங்குமுன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

இன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுவதும் பாருங்கள். அந்த விளையாட்டுக்கு என்ன வயது குறித்திருக்கிறது என்றும் பாருங்கள். அவன் ஹெட்போனை வாங்கி உங்கள் காதில் வையுங்கள். முன்பின் தெரியாத ஆட்கள் பதின்மூன்று வயதுப் பையனிடம் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். திரையில் சுருண்டு விழும் பொம்மைகளைவிட அந்தக் குரல்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

ஆட்டம் முடிந்ததும் செல்பேசியை வாங்கி உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். முதல் சில நாட்கள் சண்டை வரும். வரட்டும்.