போர்க்கால விமானத்துக்கு எந்த நாளின் தோற்றத்தைத் தருவது?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேட்டன் நகரில், அந்நாட்டு விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில், 'மெம்ஃபிஸ் பெல்' என்னும் இரண்டாம் உலகப் போர்க்கால பி-17 ரகக் குண்டுவீச்சு விமானம் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சீரமைத்த கதையை நான் எழுதிய பிறகு வந்த கேள்விகளுக்கு, விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன்.

கல்லூரி மாணவி ஒருவர்: ஒரு விமானத்தைப் புதிதாக்க 13 ஆண்டுகள் தேவைப்பட்டது ஏன்?

அதைப் புதிதாக்குவது நோக்கமாக இருந்திருந்தால் அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்காது. இந்த விமானத்தின் குழுவினர் 1943 மே 17 அன்று தங்கள் 25-ஆவது தாக்குதல் பறப்பை முடித்துக்கொண்டு, விமானத்துடன் தாயகம் திரும்பினார்கள். போர்க் கடன்பத்திரங்கள் விற்பதற்காக அது ஊர் ஊராகப் பறந்தது. போர் முடிந்ததும் உடைப்பதற்காக ஒதுக்கப்பட்டிருந்த அதை, 1946-இல் மெம்ஃபிஸ் நகரம் வெறும் 350 டாலருக்கு வாங்கியது. பல பத்தாண்டுகள் அது திறந்தவெளியில் மழையிலும் வெயிலிலும் நின்றது. நினைவுப்பொருள் தேடி வந்தவர்கள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிச் சென்றார்கள். 1987-இல் அதற்கென்று கூரை அமைந்தாலும் பக்கங்கள் திறந்தே கிடந்தன. 2005-இல் டேட்டனுக்கு வந்து, 2018 மே 17 அன்று, அதாவது அந்த 25-ஆவது பறப்பின் 75-ஆம் ஆண்டு நிறைவு நாளில், மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ஒவ்வொரு தகட்டையும் எடுத்துப் பார்த்து, இது போரில் பறந்ததா, பின்னாளில் யாரோ ஒட்டியதா, வைத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யும் வேலைதான் பெரிது.

வரலாற்று ஆசிரியர் ஒருவர்: விமானத்தின் எந்த நாளைக் காட்டுவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

இந்தத் துறையின் மையக் கேள்வி இதுதான். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள், போரின் உச்சத்தில் இருந்த நாள், கைவிடப்பட்ட நாள் ஆகிய மூன்றும் ஒரே விமானத்தின் மூன்று உண்மைகள். ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை மறையும். மெம்ஃபிஸ் பெல்லின் வண்ணப்பூச்சை அகற்றியபோது, கடன்பத்திரப் பயணத்தில் அதைச் சூழ்ந்த மக்கள் அலுமினியத் தகட்டில் கீறிவிட்டுப் போன பெயர்கள் வெளிப்பட்டன. ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு அவை தகட்டைக் கெடுத்த கீறல்கள். ஆனால் தகட்டை மாற்றினால் அந்த 1943-ஆம் ஆண்டுக் கூட்டமே விமானத்திலிருந்து அழிந்துபோகும்.

நேர்மாறான வழியில் சென்றவர்களும் உண்டு. 1942 ஏப்ரலில் ஜெர்மானியப் போர்க்கப்பலான டிர்பிட்ஸைத் தாக்கப் போன ஹாலிஃபாக்ஸ் ரகப் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, நார்வேயில் உறைந்த ஏரியின்மேல் இறங்கி, பனி உருகியபோது மூழ்கியது. 1973-இல் வெளியே எடுக்கப்பட்ட அதை, பிரித்தானிய அரச விமானப்படை அருங்காட்சியகம் பெரும்பாலும் கண்டெடுத்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தது. மற்றொரு நார்வே ஏரியிலிருந்து 1995-இல் எடுக்கப்பட்ட இன்னொரு ஹாலிஃபாக்ஸைக் கனடாவின் டிரெண்டன் நகரில் பத்தாண்டுகள் உழைத்து முழு விமானமாக்கினார்கள். இரண்டில் முதலாவதே என் மனதுக்கு நெருக்கமானது. எனினும் சிறுவர்களை அழைத்துச் செல்வதென்றால் இரண்டாவதற்குத்தான் அழைத்துப் போவேன்.

லேத் பட்டறை வைத்திருப்பவர்: அலுமினியம் துருப்பிடிக்காதே, பிறகு என்ன சிக்கல்?

இரும்பைப்போல் செந்துரு பிடிக்காது, ஆனால் அரிக்கும். அக்கால விமானத் தகடு, செம்பு கலந்த வலுவான அலுமினியக் கலவையின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய உறையாகப் பூசியது. உறை கீறப்பட்டதும் அரிப்பு உள்ளே புகுந்து, உலோகத்தின் நுண்படிக மணிகளுக்கு இடையே பரவி, தகட்டை அப்பளம்போல் அடுக்கடுக்காகப் பிளக்கும். வெளியே வண்ணம் நன்றாக இருக்கையில் உள்ளே வெண்பொடிதான் மிஞ்சியிருக்கும். எஃகு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது இன்னும் விரைவாகும்.

தகடுகளை இணைக்க அடிக்கும் ஆணியான ரிவெட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கடினமான சில ரிவெட்டுகளைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்த பிறகு, மீண்டும் இறுகுவதற்குள் அடித்தாக வேண்டும். அதுவரை குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். 'ஐஸ்பெட்டி ரிவெட்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

கடலில் கிடந்த விமானத்தையும் மீட்க முடியுமா?

மீட்கலாம், ஆனால் வெளியே எடுத்த மறுகணமே அதன் கடைசிக் காலம் தொடங்கிவிடுகிறது. 1940 ஆகஸ்டில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய டோர்னியர் 17 ரகக் குண்டுவீச்சு விமானம், 2013 ஜூனில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டருகே கடலடியிலிருந்து தூக்கப்பட்டது. உலோகத்தில் ஊறியிருந்த உப்பு, காற்று பட்டதும் அரிப்பை முடுக்கிவிடும் என்பதால், பிரித்தானிய அரச விமானப்படை அருங்காட்சியகத்தின் காஸ்ஃபோர்டு கிளையில் நெகிழித் தாள் கூடாரங்களுக்குள் வைத்து, எலுமிச்சையிலும் உள்ள சிட்ரிக் அமிலத்தின் மிக மென்மையான கரைசலைத் தொடர்ந்து தெளித்து உப்பையும் கடல் படிவுகளையும் கரைத்தார்கள். புதிய பாகங்கள் பொருத்தி முழுமையாக்குவது அங்கே நோக்கமே அல்ல. அரிப்பை நிறுத்துவதுதான் நோக்கம்.

கிடைக்காத பாகங்களுக்கு என்ன செய்வார்கள்?

வேறு விமானத்திலிருந்து எடுப்பார்கள், இல்லையேல் பழைய வரைபடம் பார்த்துச் செய்வார்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இருக்கும் மூன்றாவது ஹாலிஃபாக்ஸின் உடற்பகுதியில் ஒரு துண்டு, ஸ்காட்லாந்துத் தீவொன்றில் கோழிக்கூடாக இருந்தது. இறக்கைகள் ஹேஸ்டிங்ஸ் என்னும் போக்குவரத்து விமானத்தினுடையவை. பார்வையாளரிடம் சொல்லிவிட்டால் இது ஏமாற்றல்ல. புதிதாகச் செய்த பாகத்தின் உட்புறத்தில் செய்த ஆண்டைப் பொறித்துவிடுவது நல்ல பழக்கம்.

இளம் தன்னார்வலர்: இந்த வேலையில் ஆபத்து உண்டா?

உண்டு. இருளில் ஒளிரும் கடிகார முகங்களில் ரேடியம் இருக்கும். பழைய பச்சைமஞ்சள் ப்ரைமரில், அதாவது வண்ணத்துக்கு அடியில் பூசும் அடிப்பூச்சில், குரோமேட் இருக்கும், அதன் தூசு புற்றுநோய் தரக்கூடியது. கதிர்வீச்சுமானியால் சோதிக்காமல் எந்தக் கருவிப் பலகையையும் திறக்காதீர்கள்.

இவ்வளவு உழைத்த பிறகு ஏன் பறக்கவிடுவதில்லை?

பறக்க வேண்டுமெனில், களைத்துப்போன அசல் பாகங்களை ஒவ்வொன்றாக அகற்றிப் புதியவை போட வேண்டும். கடைசியில் பறப்பது பெயர் மட்டுமே பழைய விமானம். இழப்பும் உண்மையானது: 2019 அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பி-17 ஒன்று விழுந்து 7 பேரும், 2022 நவம்பரில் டாலஸ் விமானக் காட்சியில் மற்றொன்று வேறொரு விமானத்துடன் மோதி 6 பேரும் இறந்தார்கள்.

முன்னாள் விமானப்படை வீரர்: இந்தியாவில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

காட்சிக்காக அல்ல, பறப்பதற்காகவே நடந்தது. போர் முடிந்ததும் கான்பூரில் குவிக்கப்பட்ட பி-24 லிபரேட்டர் ரகக் குண்டுவீச்சு விமானங்களை மீண்டும் பயன்படாதவாறு பிரித்தானியர் சிதைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குவியலிலிருந்து சுமார் 40 விமானங்களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் உயிர்ப்பித்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை இயக்கியது. இன்று கனடாவின் ஒட்டாவாவிலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும், பிரித்தானிய அரச விமானப்படை அருங்காட்சியகத்திலும் உள்ள லிபரேட்டர்கள் இந்தியாவிலிருந்து போனவை. போரில் பறந்ததைவிடப் பல மடங்கு அதிகமான ஆண்டுகள் அவை இந்திய வானில் பறந்தன. அரிசோனாவில் இருப்பது இன்று அமெரிக்கப் படையின் சின்னங்களோடு நிற்கிறது. அந்தச் சின்னங்களுக்கு அடியில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் அடித்த ரிவெட்டுகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நன்றாயிருக்கும்.